நிபந்தனை முந்தியா, ‘ஆனால்’ முந்தியா?

பேசாலையில் ஒரு வீட்டு விறாந்தை. ஒரு மடிக்கணினி, அதைச் சுற்றி ஒன்பது பேர். சோளகம் அடிச்சுக்கொண்டிருந்த காலம். கீபோர்ட்டுக்குள் மணல் போகாமல் ஒருத்தன் துவாயை மறைச்சுப் பிடிச்சுக்கொண்டு நிண்டான். சாதாரண தரப் பரீட்சை எழுதிப்போட்டு றிசல்ட்ஸ் வரும்வரை வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு நிரல் எழுதப் பழக்குவம் என்று நாங்கள் தொடங்கின வகுப்பு அது. ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழியில் தொடங்கினால் ஆங்கிலப் பயம் இருக்காது என்பது எங்கட கணக்கு. திரையில் இருந்தது இவ்வளவுதான்:

@( காற்று > 30 ) ஆனால்
    பதிப்பி "கடலுக்குப் போகவேண்டாம்"
இல்லை
    பதிப்பி "போகலாம்"
முடி

வாசிச்ச ஒரு தங்கச்சி கேட்டா: “அண்ணா, ‘ஆனால்’ எண்டா ‘பட்’தானே? காற்று முப்பதுக்கு மேல, ஆனால் கடலுக்குப் போகவேண்டாம். இது என்ன வசனம்?”

எல்லாரும் சிரிச்சம். சிரிச்சு முடிஞ்ச பிறகுதான் எங்களிட்டப் பதில் இல்லை என்று விளங்கினது. அண்டைக்குப் பாடம் நடக்கவில்லை. இருட்டும்வரை ஒரே வாக்குவாதம். வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தால், இந்த மாதிரிச் சண்டையை எங்களுக்கு முதலே எத்தனையோ பேர் பிடிச்சிருக்கினம். அந்த வரிசையில் வைத்துப் பார்க்கக்கூடிய ஒருவர், கணினியே இல்லாத காலத்தில், எங்கட மன்னாரிலேயே இருந்திருக்கிறார். அவரிடம் பிறகு வருவம்.

முதலில் எழில். அமெரிக்காவில் வாழும் பொறியியலாளர் முத்து அண்ணாமலை உருவாக்கிய மொழி இது. 2009இல் இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். 2013இல் திறமூலமாக எல்லாரும் எடுத்துப் பாவிக்கும்படி விட்டார். உள்ளே வேலை செய்வது பைதன். மேலே நாங்கள் எழுதுவது தமிழ். என். சொக்கனோடு சேர்ந்து எழுதிய ‘தமிழில் நிரல் எழுது’ என்ற புத்தகமும் இருக்கிறது. ஒரு செயற்கூறைத் தொடங்க ‘நிரல்பாகம்’, விடையைத் திருப்பி அனுப்ப ‘பின்கொடு’, திரையில் காட்ட ‘பதிப்பி’, ஒரு பகுதியை மூட ‘முடி’. (‘முடி’ வந்த இடத்தில் எங்கட வகுப்பில் தலைமயிர்ப் பகிடி ஒன்று வந்தது. எந்த வகுப்பிலும் வரும்.)

மேலே உள்ள துண்டில் கவனிக்கவேண்டியது சொற்களின் வரிசை. பாஸ்கல், பைதன், சி, ஜாவா எல்லாவற்றிலும் ‘இஃப்’ முன்னுக்கு வரும், நிபந்தனை பின்னுக்கு வரும். ஆங்கில வசனம் அப்படித்தான் நடக்கும். எழிலில் நிபந்தனை முதலில், ‘ஆனால்’ பிறகு. ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டுத் தமிழ்ச் சொல்லை அதே இடத்தில் ஒட்டுவது மிகச் சுகமான வேலை. எழில் இந்த இடத்தில் அதைச் செய்யவில்லை. சொல்லோடு சேர்த்து இடத்தையும் மாற்றியிருக்கிறது. முன்னால் நிற்கும் @ குறி அந்த மாற்றத்துக்குக் குடுத்த விலை என்றுதான் நாங்கள் வாசிக்கிறம். ‘ஆனால்’ கடைசியில் வருவதால், வரி தொடங்கும்போதே ‘இது நிபந்தனை, கவனம்’ என்று கணினிக்குச் சொல்ல ஏதாவது ஒரு அடையாளம் வேணும்.

அப்ப அந்தத் தங்கச்சியின் கேள்வி? அவ கேட்டது சரி, எழில் எழுதினதும் சரி. ‘ஆனால்’ என்ற சொல்லைப் பிரித்தால் ஆன் + ஆல், ‘ஆகுமென்றால்’ என்ற பொருள் வரும். ‘மழையானால்’ என்று சொன்னால் ஒருத்தரும் ‘பட்’ என்று விளங்கமாட்டினம். ஆனால் (பார்த்தீங்களா, இதுதான் மற்றது) தனியாக நிற்கும்போது அது இணைப்புச் சொல்லாகிவிடுகிறது. முன்சொல்லோடு ஒட்டினால் ஒரு பொருள், வெளி விட்டு எழுதினால் இன்னொரு பொருள்.

இதில் இன்னும் ஆழமான ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் நிபந்தனைக்கென்று தனிச்சொல் தேவையே இல்லை. வினையின் வால்தான் நிபந்தனை. அடித்தால், வந்தால், இருந்தால். “காத்து அடிச்சால் போகேலாது” என்று ஒரு மீனவர் சொல்லும்போது அந்த வசனத்தில் ‘இஃப்’ எங்கே என்று காட்டச் சொன்னால் ‘ஆல்’ என்ற ஒரு அசையைத்தான் காட்டமுடியும். கணினிக்கு அசை போதாது, தனியாக வெட்டி எடுக்கக்கூடிய சொல் வேணும். அதனால் எழில் அந்த வாலை வெட்டி, ‘ஆ’ என்ற வினையில் ஒட்டி, தனியாக நிற்க வைத்தது. நிற்க வைத்த இடத்தில் ஏற்கெனவே இன்னொருத்தர் குடியிருந்தார்.

எங்கட ஆட்களில் ஒருத்தர், “அப்ப ‘எண்டால்’ போடுவம், காற்று முப்பதுக்கு மேல எண்டால், கதை முடிஞ்சுது” என்றார். உடனே இன்னொருத்தர், “இந்தியாவில ‘ன்னா’ எண்டுவினம், மட்டக்களப்பில வேற மாதிரி. எழுத்துத் தமிழில ‘என்றால்’ போடு” என்றார். மூன்றாவது ஆள் ‘எனில்’ என்றார். அவருக்கு இலக்கியத்தில் ஒரு பிடி.

‘வரை’க்கு வந்தபோது நிலைமை இன்னும் மோசம். ஒரு நிபந்தனை உண்மையாக இருக்கும் மட்டும் திருப்பித் திருப்பிச் செய்யச் சொல்வதற்கு எழிலில் இந்தச் சொல். @( எண் < 5 ) வரை என்று எழுதினால், எண் ஐந்துக்குக் குறைவாக இருக்கும் மட்டும் ஓடும். பிள்ளைகள் அதைத் தலைகீழாக விளங்கினார்கள்: எண் ஐந்துக்குக் குறையும்வரை ஓடும், குறைந்தவுடன் நிற்கும். அவர்களில் பிழை சொல்ல ஏலாது. சாதாரண தரத்துக்குப் பாஸ்கல் படிச்ச பிள்ளைகள் அவர்கள். நிபந்தனை உண்மையானவுடன் நிற்கிற சுற்று ஒன்றும், உண்மையாக இருக்கும் மட்டும் ஓடுகிற சுற்று ஒன்றும் பாஸ்கலில் இருக்கின்றன. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு சொல். தமிழில் இரண்டையும் ‘வரை’யே சுமக்கிறது. ‘உயிர் இருக்கும் வரை’ என்றால் இருக்கிற காலம் முழுக்க. ‘விடியும் வரை’ என்றால் விடிஞ்சவுடன் முடிஞ்சுது. முன்னால் வரும் வினை ஒரு நிலையைச் சொல்கிறதா, ஒரு மாற்றத்தைச் சொல்கிறதா என்பதைப் பார்த்து நாங்கள் யோசிக்காமலே பிரித்து விளங்குகிறம். ‘எண் < 5’ என்பதில் வினையே இல்லை. பிறகு எதைப் பார்த்து விளங்குவது?

பிறந்ததிலிருந்து பேசுகிற மொழியில் இப்படி ஒரு பிரிவு இருக்கிறது என்று எங்களுக்கு அண்டைக்குத்தான் தெரிஞ்சது. எந்த இலக்கணப் பாடத்திலும் நாங்கள் இதைக் கவனிச்சதில்லை. ஒரு இயந்திரத்துக்கு விளங்கப்படுத்த வெளிக்கிட்டபோதுதான் தட்டுப்பட்டது.

மன்னார் ஆளைப் பற்றிச் சொன்னோம் அல்லவா. என்றீக்கே என்றீக்கஸ், தமிழில் அண்டிரிக் அடிகளார். 1520இல் பிறந்த போர்த்துக்கேய யேசுசபைக் குரு. முத்துக்குளித்துறைக் கரையில் தமிழ் படிச்சவர். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடிச்சுக் கோட்டை கட்டத் தொடங்கியபோது, புன்னைக்காயலில் இருந்து பரதவர்கள் பலரை இங்கே கொண்டுவந்து குடியேற்றினார்கள். அடிகளாரும் அவர்களோடு வந்து சில ஆண்டுகள் மன்னாரில் இருந்தார். பிற்காலத்தில், 1578 ஒக்டோபர் 20இல், கொல்லத்தில் அச்சான 16 பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ அவருடைய மொழிபெயர்ப்பு. இதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீங்கள். எங்களுக்கு இப்ப வேண்டியது அதற்கு முதல், 1549 அளவில், அவர் எழுதிய தமிழ் இலக்கணம்.

அது தமிழருக்கு எழுதினது இல்லை. தமிழ் படிக்க வரும் போர்த்துக்கேயக் குருமாருக்கு எழுதினது. அதனால் அவர் தொல்காப்பியத்தையோ நன்னூலையோ பின்பற்றவில்லை. லத்தீன் இலக்கணத்தின் வேற்றுமைகளும் வினை வகைகளும்தான் அவருக்குச் சட்டகம். ஏற்கெனவே அச்சில் இருந்த ஜோவாவோ தெ பாரோஸின் போர்த்துக்கேய இலக்கணமும் துணை. அந்தச் சட்டகத்துக்குள் தமிழைப் பொருத்திப் பார்த்தார். சில இடங்களில் பொருந்தியது, சில இடங்களில் இழுத்துக் கட்டவேண்டியிருந்தது. பிறத்தியாரின் எலும்புக்கூட்டில் எங்கட சதையைப் போர்த்தின வேலை என்று இதைச் சொல்லிவிடலாம். எங்களில் ஒருவர் அப்படித்தான் சொன்னார், அந்த விறாந்தையிலேயே. ஆனால் அதே நூலில்தான் அந்தக் கரையின் பேச்சுத்தமிழ் எழுத்தில் ஏறியிருக்கிறது. புலவர்களின் இலக்கணங்கள் கணக்கெடுக்காத வடிவங்களை, வெளியில் இருந்து வந்தவர் காதால் கேட்டு எழுதிவைத்தார். லிஸ்பனில் கையெழுத்துப் பிரதியாகக் கிடந்த அந்த நூலை ஜீன் ஹெய்னும் தமிழறிஞர் வி. எஸ். ராஜமும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2013இல் ஹார்வர்ட் வெளியீடாகக் கொண்டுவந்தார்கள். எழில் திறமூலமாக வந்த அதே ஆண்டு. இதுக்குப் பெரிய அர்த்தம் ஒண்டும் இல்லை, கவனிச்சோம், சொல்லுறம்.

அடிகளாரின் அச்சுத் தமிழில் புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் எழுத்தில் வேறுபாடு கிடையாது. ஓலையில் எழுதின பழக்கம் அப்படி. வாசிக்கிறவர் இடத்தைப் பார்த்து ஊகிச்சுக்கொள்வார். நெடிலைப் பிரித்துக் காட்டும் வடிவங்கள் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரோடு நிலைபெற்றன. ஊகத்துக்கு விட்ட இடங்களை ஒவ்வொன்றாக எழுத்தில் கொண்டுவந்த வரலாறுதான் எங்கட எழுத்தின் வரலாறும். கணினி கொஞ்சமும் ஊகிக்காத வாசகர். அதனால்தான் ‘வரை’ அங்கே போய் இடறுகிறது.

சரி, எலும்புக்கூட்டையே தமிழாக வைக்க ஏலாதா? யப்பானியர் ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். ‘நாதெசிகோ’ என்று ஒரு நிரல்மொழி. யப்பானிய மொழியும் தமிழைப் போல வினையைக் கடைசியில் வைக்கிற மொழி. நாதெசிகோவில் ‘“வணக்கம்” என்பதைக் காட்டு’ என்ற வரிசையில்தான் கட்டளை வரும். ‘ஐ’, ‘கு’ போன்ற எங்கட உருபுகளின் வேலையைச் செய்யும் சிறு சொற்கள் யப்பானிய மொழியில் இருக்கின்றன. எது எதற்குக் குடுக்கப்படுகிறது என்பதை அவை காட்டும். அடைப்புக்குறிக்குள் முதலாவது இது, இரண்டாவது அது என்று மனப்பாடம் பண்ணத் தேவையில்லை.

இதை வாசிச்சவுடன் எங்களுக்குப் பெரிய உற்சாகம். தமிழிலும் செய்வம் என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினோம். ‘வலையைக் காட்டு’, ‘வலைக்கு 5ஐக் கூட்டு’. நல்லாத்தான் வந்தது. பிறகு ஒருத்தர் ‘மரம்’ என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்தார். மரத்தை. ‘வீடு’ வைத்தார். வீட்டை. ‘ஆறு’ வைத்தார். ஆற்றை, அது எண்ணா நதியா என்பது வேற பிரச்சினை. யப்பானிய உருபு சொல்லின் பக்கத்தில் ஒட்டாமல் நிற்கும், வெட்டி எடுக்கலாம். தமிழ் உருபு சொல்லின் அடியையே மாற்றிப்போடும். ‘மரத்தை’ என்பதில் ‘மரம்’ என்ற மாறியைக் கண்டுபிடிக்கவேணுமென்றால், கணினி முதலில் புணர்ச்சி படிக்கவேணும். செய்யமுடியாதது இல்லை, தமிழ்ச் சொற்களைப் பகுத்தாயும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு பிள்ளை எழுதும் பத்து வரி நிரலில் எங்கே பிழை என்று காட்டவேண்டிய மொழி, அந்தப் பிழை நிரலிலா புணர்ச்சியிலா என்று தானே தடுமாறக்கூடாது. அந்தக் கொப்பிப் பக்கத்தை இன்னும் வச்சிருக்கிறம். எழில் ஒரு எலும்பை மட்டும் ஏன் நகர்த்தினது என்பதற்கு அதுவே எங்களுக்கு நல்ல விளக்கமாகப் படுகிறது. அதை ஆக்கினவரின் மனதில் இதுதான் இருந்தது என்று நாங்கள் சொல்லவில்லை.

இதுக்குள்ள விறாந்தையில் இன்னொரு கட்சி வலுத்துவிட்டது. “பைதனில மொத்தம் 35 ஒதுக்கின சொல்லு. பாட்டு மனப்பாடம் பண்ணுற பிள்ளைக்கு 35 இங்கிலீஷ் சொல்லு பெரிய விஷயமா? வேலைக்குப் போகேக்க ஆர் எழில் கேக்கப்போகினம்?” நியாயமான கேள்வி. உயர்தரத்தில் பைதன்தான் வரப்போகிறது. எங்கட நாட்டிலேயே உருவான நிரல்மொழியைப் பாருங்கள். கொழும்பில் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் ஆக்கிய ‘பலரீனா’, 2017இல் அறிவிக்கப்பட்டு 2019 செப்ரெம்பரில் முதலாவது முழுப் பதிப்பாக வந்தது. சஞ்ஜீவ வீரவரண தலைமையில், ஜேம்ஸ் கிளார்க் போன்ற பெயர்பெற்றவர்கள் வடிவமைத்தது. பிழை வந்தால் உடனே திரும்பு என்பதற்கு ‘செக்’, பக்கத்தில் பக்கத்தில் ஓடும் வேலைகளுக்கு ‘வேர்க்கர்’, எல்லாமே ஆங்கிலச் சொற்கள். சிங்களமும் இல்லை, தமிழும் இல்லை. இந்த நாட்டில் மொழிக்காக நடந்ததை நினைச்சால், ஒரு வகையில் சமாதானமான முடிவுதான்.

மறுபக்கத்துக்கும் ஒரு ஆதாரம் இருக்கிறது. சயமிந்து தாஸ்குப்தாவும் பெஞ்சமின் மாக்கோ ஹில்லும் 2017இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ‘ஸ்கிராச்’ பாவிக்கும் பிள்ளைகளில், கட்டளைகளைத் தங்கட மொழியில் வைத்துப் பழகினவர்கள், ஆங்கிலத்தில் பழகினவர்களைவிட வேகமாகப் புதிய கட்டளைகளைக் கையில் எடுத்தார்கள் என்பது அதன் முடிவு. 35 சொல்லை மனப்பாடம் பண்ணலாம். மனப்பாடம் பண்ணின சொல்லோடு விளையாட மனம் வருமா என்பது வேறு. எங்கட வகுப்பிலேயே அதைக் கண்டோம். பாஸ்கல் படிச்ச ஒரு பிள்ளையும் பாஸ்கலில் உள்ள ஒரு சொல்லை “இது பிழை” என்று சொன்னதில்லை. எழிலைத் தொட்டு அரை மணித்தியாலத்தில் ‘ஆனால்’ பிழை என்று ஒரு பிள்ளை எழும்பி நிண்டது.

இப்படிச் சொல்லுக்கும் குறிக்கும் அடிபடுவது தமிழர் குணம் என்று நினைக்கவேண்டாம். 1958இல் சூரிச் நகரில் ஐரோப்பியரும் அமெரிக்கரும் சேர்ந்து ‘அல்கோல்’ மொழியை வடிவமைக்க இருந்தார்கள். அந்தக் கூட்டத்தைக் குழப்பப் பார்த்தது தசமக் குறி. அமெரிக்கர் புள்ளி வைப்பார்கள், ஐரோப்பியர் கமா வைப்பார்கள். ஒருவரும் விடவில்லை. கடைசியில் மொழியை மூன்று தட்டாகப் பிரித்தார்கள்: பொருளை வரையறுக்கும் மூல வடிவம், புத்தகத்தில் அச்சிடும் வடிவம், அந்தந்த இயந்திரத்தில் ஏற்றும் வடிவம். மூலம் ஒன்று, வெளித்தோற்றம் ஊருக்கு ஊர் மாறலாம். அந்த வழியில் போனதால்தான் பிறகு வந்த அல்கோல் 68க்கு சோவியத் ஒன்றியத்தில் உருசியச் சொற்களோடேயே ஒரு தரநிர்ணயம் வந்தது. இந்த மாதிரிச் சண்டைகளுக்கு பிலிப் வாட்லர் என்ற கணினி அறிஞரின் பெயரில் அரைப் பகிடியாக ஒரு விதியே உண்டு: பொருளைப் பற்றிக் கதைக்கும் நேரத்தின் இரட்டிப்பு தொடரமைப்புக்கு, அதன் இரட்டிப்பு எழுத்து வடிவத்துக்கு, அதன் இரட்டிப்பு கருத்துக்குறிப்பை எந்தக் குறியால் தொடங்குவது என்பதற்கு. எங்கட விறாந்தை அந்த விதிக்கு நல்ல உதாரணம்.

அல்கோல்காரரின் யோசனை எங்களுக்குப் பிடிச்சுப்போனது. எழில் திறமூலம், உள்ளே திறந்து பார்க்கலாம். எந்தத் தமிழ்ச்சொல் எந்தக் கட்டளை என்று பொருத்தும் இடத்தைத் தேடிப் பிடிச்சு, எங்கட பிரதியில் மட்டும் ‘ஆனால்’ இருந்த இடத்தில் ‘எண்டால்’ போட்டோம். அதுக்கும் வாக்கெடுப்பு வச்சம். ஐந்துக்கு நான்கு. தோற்ற நால்வரும் சொன்னது ஒரே விஷயம்: புத்தகத்தில் இருக்கிற எந்த எழில் நிரலும் இனி எங்கட மெசினில் ஓடாது, எங்கட நிரல் வேறெங்கும் ஓடாது. அது உண்மை. இப்ப இரண்டு பிரதியும் வச்சிருக்கிறம். முதல் இரண்டு கிழமை ‘எண்டால்’, பிறகு உள்ளபடி எழில், அதுக்குப் பிறகு பைதன். பைதனின் இன்றைய பதிப்புகளில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் ‘காற்று’ காற்றாகவே இருக்கும். ‘வரை’க்கு மட்டும் இன்னும் முடிவில்லை. ‘இருக்கும்வரை’ என்று ஒரு சொல்லாகப் போடலாம் என்பது இப்போதைய யோசனை. உங்களிட்ட வேற சொல்லு இருந்தால் எழுதி அனுப்புங்கோ.

அடுத்த சனிக்கிழமை, திருத்தின நிரலை ஓடவிட்டுக்கொண்டு இருக்கேக்க அந்தத் தங்கச்சியின்ர அப்பா வந்தார். கடலுக்குப் போகிறவர். மகள் திரையைக் காட்டினா. அவர் வாய்விட்டு வாசிச்சார்: “காற்று முப்பதை விடப் பெரிசு எண்டால், கடலுக்குப் போகவேண்டாம்.” தடக்குப்படாமல் வாசிச்சார். நாங்கள் ஐந்து பேரும் மற்ற நாலு பேரையும் திரும்பிப் பார்த்தம்.

அவர் கொஞ்சம் யோசிச்சுப்போட்டுக் கேட்டார். “முப்பது எண்டது என்ன, கிலோமீற்றரோ, நொட்ஸோ?”